காரைக்குடி வட்டாரத்தில் எந்தப் படிப்புக்கு எங்கே வேலை? படித்து முடித்தவர்கள் சொல்லுங்கள்

கோட்டையூர் பாத்திரக்கடை
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். பயோ மேத்ஸ் குரூப், பொறியியல் கட் ஆஃப் 171. வேதியியல் என்றால் அவளுக்கு உயிர். வீட்டில் இப்போது நான்கு பேச்சு ஓடுகிறது. மதுரைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். இங்கே அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் சிவிலோ மெக்கானிக்கலோ கிடைத்தால் அது. அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல். அப்புறம் என் கொழுந்தியா சொல்லும் பி.எஸ்சி. நர்சிங்.

கடைக்குக் குடம் வாங்க வருகிறவர்களும் ஆளுக்கொரு படிப்பைச் சொல்கிறார்கள். அதனால் குழப்பம்தான் கூடுகிறது. என் அண்ணன் மகன் மெக்கானிக்கல் முடித்துவிட்டு நகைக்கடன் கம்பெனியில் வட்டி வசூலுக்குப் போகிறான். அவனோடு படித்த ஒருவன் ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறான். இன்னொருவன் ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர். மூன்று பேரும் ஒரே வகுப்பு, மார்க்கிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் படிப்பு என்ன செய்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கருத்து சொல்கிறவர்கள் நான்கு விஷயத்தைச் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும். என்ன படித்தீர்கள், முதல் வேலை கிடைக்க எத்தனை நாள் ஆனது, இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள், படித்தது வேலையில் பயன்படுகிறதா?

புதுவயல் மில்
ஞாயிறு, இரவு 10.15

அண்ணே, நான் வேலை கொடுக்கிற பக்கத்தில் நிற்கிறவன், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். புதுவயலில் அரிசி ஆலையைப் பார்த்துக்கொள்கிறேன். நெல் ஊறப்போட்டு, அவித்து, ட்ரையரில் காயவைத்து, அரைத்து, கலர் சார்ட்டரில் கறுப்பு அரிசியைப் பிரித்து மூட்டை போடுவது வரைக்கும் எல்லாம் மெஷின். பாய்லருக்கு உமிதான் எரிபொருள். அந்த பாய்லரைப் பார்க்க அரசு நடத்தும் பாய்லர் அட்டெண்டண்ட் தேர்வில் பாஸ் செய்த ஆள் வேண்டும், அது சட்டம். அந்தச் சர்டிபிகேட் உள்ள ஆளைத் தேடி நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. கலர் சார்ட்டர் நின்றுபோனால் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வர வேண்டும். அவர் வரும் வரைக்கும் லோடு நிற்கும்.

இதே மில்லில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். இரண்டே நாளில் அறுபது பேர். பி.இ. முடித்தவர்களே பதினெட்டுப் பேர். எனக்கு மனசே சரியில்லை. ஒருபக்கம் ஆள் கிடைக்கவில்லை, இன்னொரு பக்கம் வேலை கிடைக்கவில்லை, இரண்டும் ஒரே ஊரில்.

பிள்ளைகளை ஐ.டி.ஐ.யில் சேருங்கள் என்று நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் முடித்துவிட்டு வரட்டும், மறுநாளே வேலை.

தேவகோட்டை டீச்சர்
ஞாயிறு, இரவு 10.50

மில் அண்ணா, கேட்டது மகளுக்கு. உங்கள் மில்லில் பெண் எலக்ட்ரீஷியனை எடுப்பீர்களா? இதைச் சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

என் கதை: எம்.எஸ்சி. கணிதம், பி.எட்., எம்.எட். முடித்த அதே ஜூனில் வேலை கிடைத்துவிட்டது. முதல் வேலைக்குக் காத்திருந்த நாள் என்று பார்த்தால் பூஜ்யம். ஆனால் என்ன வேலை? ஒரு தனியார் பள்ளி, பெயர் வேண்டாம். சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று வருடம் வேறு எதற்கும் விண்ணப்பிக்க முடியவில்லை. என்னிடம் படித்த பிள்ளை கொத்தனாருக்குக் கையாளாகப் போய் ஒரு மாதத்தில் வாங்கும் கூலி என் சம்பளத்தைவிட அதிகமாக இருந்தது. ஒன்பது வருடம் அப்படியே போனது. முதுநிலை ஆசிரியர் தேர்வு இரண்டு முறை எழுதினேன், இரண்டாவது முறை மூன்று மார்க்கில் போனது.

படித்த பாடத்தில்தான் வேலை. பதவி, பாடம் இரண்டும் பொருந்துகின்றன. யாராவது கணக்கெடுக்க வந்தால் என்னை "படிப்புக்கேற்ற வேலையில் இருப்பவர்" என்றுதான் எழுதிக்கொண்டு போவார்கள். எனக்கு அந்தப் பொருத்தத்தால் கிடைத்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே அப்பாவின் நான்கு கேள்விகளோடு ஐந்தாவதாக ஒன்று: அந்தச் சம்பளத்தில் வாழ முடிகிறதா?

வேதியியல் எடுத்து பி.எட். போகலாம் என்ற எண்ணம் இருந்தால் ஒன்று கவனத்தில் இருக்கட்டும். 2015 முதல் பி.எட். இரண்டு வருடம். அதாவது ஐந்து வருடப் படிப்பு, அதற்குமேல் தகுதித் தேர்வு, அதற்குமேல் நியமனத் தேர்வு. வீட்டில் தாங்க முடியுமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

புதுவயல் மில்
ஞாயிறு, இரவு 11.05

டீச்சர், உண்மையைச் சொல்கிறேன். இதுவரை எடுத்ததில்லை. ராத்திரி ஷிப்ட், தங்க இடம், வீட்டுக்காரர்கள் சம்மதம் என்று பல காரணம் சொல்லலாம், ஆனால் நான் முயற்சி செய்யவில்லை என்பதுதான் நிஜம். அரிசியின் ஈரப்பதம், நொய் சதவீதம் பார்க்கிற இடத்தில் வேதியியல் படித்த ஒரு பெண் இருக்கிறார். நாலு வருடமாக ஒரு லோடுகூடத் திரும்பி வரவில்லை.

சிங்கை ஃபிட்டர்
திங்கள், காலை 6.20

மில் அண்ணன் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை வாழ்ந்து பார்த்தவன் நான், அதனால் எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ. ஃபிட்டர். 19 வயதில் வேலை. அப்புறம் ஸ்கில் அடித்து சிங்கப்பூர் போனேன். நம் பக்கம் தெரியாதவர்களுக்கு: சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்குப் போகுமுன் இங்கேயே உள்ள சென்டரில் பைப், வெல்டிங், எலக்ட்ரிக்கல் போன்ற ஒன்றில் கைவேலைத் தேர்வு எழுத வேண்டும், அதைத்தான் ஸ்கில் அடிப்பது என்கிறோம். அதற்குக் கட்டும் பணத்துக்கும் ஏஜெண்டுக்கும் சேர்த்து அம்மாவின் நகை போனது. மீட்க ஒன்றரை வருடம்.

28 வயதில் என் வகுப்புத் தோழர்களில் நான்தான் அதிகம் சம்பாதித்தேன். பி.காம். முடித்த பக்கத்து வீட்டுப் பையன் அப்போது காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் பில் அடுக்கிக்கொண்டிருந்தான். இன்றைக்கு எனக்கு 41. அவன் கோயம்புத்தூரில் ஒரு மில்லின் மொத்தக் கணக்கையும் பார்க்கிறான். என் சம்பளம் பத்து வருடமாகக் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது, அவனுடையது ஏறிக்கொண்டே போகிறது. முழங்கால் வலி வேறு.

தொழிற்படிப்பைக் குறை சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தைக் கரையேற்றியதே அதுதான். ஆனால் ஆரம்பத்தில் கிடைக்கிற சம்பளத்தை வைத்து ஒரு படிப்பை எடை போடாதீர்கள். 22 வயதில் பார்த்தால் ஒரு வரிசை வரும், 40 வயதில் பார்த்தால் வேறு வரிசை வரும். ஃபிட்டர் முடித்த தம்பிகள் வேலை கிடைத்ததும் நின்றுவிடாமல் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்துவிடுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

சிக்ரி வாசல்
திங்கள், காலை 9.10

கோட்டையூர் அண்ணே, உங்கள் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதுவும் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில். சிக்ரியில், அதாவது நம் ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில், பி.டெக். கெமிக்கல் அண்ட் எலெக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் என்று ஒரு நாலு வருடப் படிப்பு இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இடங்கள் குறைவு. வேதியியல் பிடித்த பெண் என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அங்கே படித்தவன் நான்.

மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்று போர்டைப் படித்துக்கொண்டே தினமும் தாண்டிப் போகிற நம் ஆட்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. துருப்பிடிப்பதைத் தடுப்பது, முலாம் பூசுவது, பேட்டரி, எரிபொருள் மின்கலம், சென்சார் எல்லாம் அங்கேதான். பாம்பன் பக்கத்தில் மண்டபத்தில் கடல் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்கே ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குப் பாடம் எடுத்தவர்களில் பலர் பகலில் சோதனைச்சாலையில் வேலை பார்க்கிற விஞ்ஞானிகள். மூன்றாம் வருடத்திலேயே நான் செல் கட்டி, சார்ஜ் ஏற்றி, இறக்கி, அது எத்தனை சுற்று தாங்குகிறது என்று ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

முதல் வேலை கிடைக்க ஐந்து மாதம் ஆனது. நான் படிப்பை முடித்த வருடம் பேட்டரி என்றால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு முலாம் பூசும் பட்டறையில் தண்ணீர்ச் சுத்திகரிப்புக்குத்தான் எடுத்தார்கள். மின்சார ஸ்கூட்டர் வந்தது, எல்லாம் மாறியது. இப்போது ஓசூர்ப் பக்கம் செல் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். படித்தது தினமும் பயன்படுகிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. என் வகுப்பில் இன்று காரைக்குடியில் வேலை பார்ப்பவர் ஒருவர்கூட இல்லை. அறிவு இங்கே, வேலை வேறு ஊரில்.

ஓய்வு பெற்ற பொருளியல்
திங்கள், பிற்பகல் 3.30

தம்பியின் கடைசி வரி என்னை எழுத வைத்தது. நான் நாற்பது வருடம் பொருளியல் சொல்லிக்கொடுத்தவன், பூர்வீகம் கண்டனூர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழகப்பச் செட்டியார் சிக்ரிக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அதற்கு முன்பே 1947-ல் கலைக் கல்லூரி, பின்னாலேயே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-ல் பொறியியல் கல்லூரி. சின்ன ஊர் ஒன்றில் பத்து வருடத்துக்குள் இத்தனை கல்லூரிகள். தம் 48-வது வயதில் மறைந்த மனிதர் செய்துவிட்டுப் போனது இது. இந்த மண்ணுக்கு அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறையும்.

படித்தவர்களுக்கு வேலை கொடுக்கும் தொழில் மட்டும் அதே வேகத்தில் இங்கே வரவில்லை. நம் ஊர்ப் பணம் அப்போது வேறு இடத்தில் தொழிலானது. பள்ளத்தூர்க் குடும்பம் ஒன்று 1949-ல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியது, அம்பத்தூரில். கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள். ஆனால் தலைமையகம் சென்னை. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வானம் பார்த்த பூமி, துறைமுகம் தூரம், பெரிய சந்தை தூரம். எங்கே தொழில் ஓடுமோ அங்கே போட்டார்கள். கட்டிய வீடும் கல்லூரியும் இங்கே நின்றன, தொழிற்சாலை அங்கே நின்றது. பிள்ளைகள் படிப்பை முடித்து அதிகாலைப் பல்லவன் ரயிலில் சென்னைக்கு ஏறுவதன் வேர் இதுதான்.

இனி பாத்திரக்கடைக்காரரின் கேள்வி. தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் 47 சதவீதம், இந்தியச் சராசரி 28.4. அதாவது பட்டம் என்பது இங்கே அரிய பொருள் அல்ல. அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று நாடு முழுவதும் உள்ள நிலையைச் சொல்கிறது. வேலை பார்க்கும் அல்லது தேடும் பட்டதாரிகளில், 25 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 42 சதவீதம் பேர் வேலையில்லாதவர்கள். 30 முதல் 34 வயதுப் பட்டதாரிகளில் பார்த்தால் அது 10 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பெரும்பாலானோருக்குக் கடைசியில் ஏதோ ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. இடையில் போகும் அந்த ஐந்தாறு வருடமும், கிடைத்த வேலை என்ன என்பதும்தான் துயரம். டீச்சர் சொன்னது அதைத்தான்.

அடுத்தது, கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால் வேலை கிடைக்கிறது என்கிறோம். பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அந்தப் படிப்பை யார் எடுக்கிறார்கள்? கலந்தாய்வில் முதலில் அழைக்கப்படும் அதிக மார்க் பிள்ளைகள், ஆங்கில வழியில் படித்தவர்கள், சென்னையிலோ பெங்களூரிலோ ஆறு மாதம் பிள்ளையைத் தங்க வைத்து வேலை தேட வைக்கும் வசதி உள்ள வீட்டார். அவர்கள் எதைப் படித்திருந்தாலும் ஓரளவு தேறியிருப்பார்கள். படிப்பு கொடுத்தது எவ்வளவு, வீடு கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் துறைகளை வரிசைப்படுத்தக் கூடாது. உங்கள் அண்ணன் மகனையும் ஓசூர்ப் பையனையும் ஒப்பிடும்போது இதைக் கேட்டுப் பாருங்கள்: ஓசூரில் அந்தப் பையனுக்குத் தங்க ஒரு சொந்தக்காரர் வீடு இருந்ததா?

கோட்டையூர் பாத்திரக்கடை
திங்கள், மாலை 5.15

ஐயா, இருந்தது. அவன் தாய்மாமன் அங்கே கம்பெனியில் வேலை. மூன்று மாதம் அவர் வீட்டில் தங்கித்தான் அலைந்தான். அண்ணன் மகனுக்கு அப்படி யாரும் இல்லை. அப்போதுதான் அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போய் அவன் ஊரோடு இருந்துவிட்டான். இத்தனை நாள் அவனுக்குத் திறமை போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வைத்து அவனிடம் அப்படிப் பேசியும் இருக்கிறேன்.

வளவு வேலை
திங்கள், இரவு 8.00

சிவில், 2012-ல் முடித்தேன். பாத்திரக்கடை அண்ணனின் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில்: முதல் வேலை பதினொரு மாதம் கழித்து, ஊர் காரைக்குடியேதான், படித்தது பாதி பயன்படுகிறது. பழைய செட்டிநாட்டு வீடுகளைச் செப்பனிடும் வேலை செய்கிறேன். இந்த வட்டாரத்திலேயே இருக்க வேண்டும் என்றால் இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன்.

கல்லூரியில் எனக்குச் சிமெண்ட், கம்பி, பீம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் வேலைக்குப் போன வீட்டில் முகப்புச் சுவரில் ஈரம் ஏறியிருந்தது. நான் சிமெண்ட் பூச்சு எழுதிக் கொடுத்தேன். எழுபது வயதுக் கொத்தனார் ஒருவர் அந்தத் தாளை மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டு, "தம்பி, சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சு வேணும், இதைப் பூசினா உள்ளேயே புழுங்கிச் செத்துடும்" என்றார். அவரிடம் இரண்டு வருடம் நின்றேன். சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறப்போடுவது, கடுக்காய்த் தண்ணீர் எந்தப் பதத்தில், முட்டை வெள்ளைக்கரு எந்தப் பூச்சில், கண்ணாடி போல வரும்வரை கல்லால் எப்படித் தேய்ப்பது என்று எல்லாம் அவர் கை பார்த்துக் கற்றது. ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆள் கேட்டு கேரளாவிலிருந்து போன் வருகிறது. கல்லைக் கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணம் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் பட்டறைகளில் அடுத்த தலைமுறை ஆள் இல்லை.

அதேசமயம் கொத்தனாருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். பர்மாத் தேக்குத் தூண் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று கணக்குப் போட, வரைபடம் போட, எஸ்டிமேட் எழுத, வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகள் ஏழு பேருக்கும் புரிகிற மாதிரி ரிப்போர்ட் அனுப்ப என் பட்டம் வேண்டும். இரண்டும் சேர்ந்ததால்தான் எனக்குச் சோறு. பட்டம் மட்டும் வைத்திருந்த பதினொரு மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை. கானாடுகாத்தான், காரைக்குடியில் பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றுகிறார்கள், அதனால் வேலை இருக்கிறது. ஆனால் மொத்தமாக எத்தனை பேருக்கு? பத்து இருபது சிவில்காரர்களுக்கு. வருடா வருடம் ஒரு வகுப்பையே இங்கே நிறுத்த முடியாது.

காளையார்கோவில் நர்ஸ்
திங்கள், இரவு 11.30

ஷிப்ட் முடிந்து இப்போதுதான் பார்த்தேன். பி.எஸ்சி. நர்சிங். முதல் வேலை உடனே கிடைத்தது. சம்பளம் முதல் மூன்று வருடம் மிகவும் குறைவு, நின்றுகொண்டே பன்னிரண்டு மணி நேரம். இப்போது சவூதி, சம்பளம் நன்றாக இருக்கிறது. நம் ஊரில் ஆஸ்பத்திரி இருக்கும் எந்த இடத்திலும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு, கல்யாணத்துக்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் உண்டு. ஆனால் வேதியியல் பிடித்த பிள்ளையை, வேலை கிடைக்கும் என்பதற்காக மட்டும் இதில் தள்ளாதீர்கள் அண்ணா. நோயாளி அருகில் நிற்க மனசு வேண்டும். என்னோடு சேர்ந்த நான்கு பேர் அது இல்லாமல் பாதியில் போனார்கள்.

ஆடிட்டர் தெரு
செவ்வாய், காலை 7.45

பி.காம். பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. வணிகர்கள் ஊரில் வணிகவியலுக்கு வேலை இல்லாமல் போகுமா? ஜி.எஸ்.டி. வந்தபின் ஒவ்வொரு கடைக்கும் மாதாமாதம் கணக்கு. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூரில் டேலி தெரிந்த நம்பகமான ஆளுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. சம்பளம் சின்னதுதான், அதைத் தாண்ட சி.ஏ., சி.எம்.ஏ. வேண்டும். சி.ஏ.வுக்குப் பயிற்சிக் காலம் இப்போது இரண்டு வருடம். மில் அண்ணன் மில்லுக்கு விண்ணப்பித்த பதினெட்டு பி.இ. பிள்ளைகளும் ஒரு பி.காம். பிள்ளையின் இடத்தில் நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஒரு துறையில் வேலை இல்லையென்றால் அந்தக் கூட்டம் பக்கத்துத் துறையின் வாசலில் போய் நிற்கிறது. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புதான் தகுதி. 2024-ல் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், அதில் முதுகலை முடித்தவர்களும் எத்தனை பேர்! பத்தாவது மட்டும் படித்தவன் அங்கே யாரோடு போட்டி போடுகிறான் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ராங்கியம் அப்பச்சி
செவ்வாய், காலை 10.00

எனக்கு வயது 83. பேரன் தட்டச்சு செய்கிறான். என் அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவில் மோல்மீனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, கடைப் பொறுப்பாளருக்கு அடுத்த ஆளாக, இருந்தவர். அந்தக் காலத்தில் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பெட்டியடிப் பையனாகக் கடைக்குப் போவார்கள். பாய் விரிப்பது, பெட்டியைத் துடைப்பது, கணக்கு வாசிப்பதைக் கேட்பது. வீட்டில் வட்டி வாய்ப்பாடு ஏற்கெனவே மனப்பாடம். அப்புறம் அடுத்தாள், அதற்கப்புறம்தான் கடையை நம்பிக் கொடுப்பார்கள். மூன்று வருடக் கணக்கு, சம்பளச் சீட்டு எழுதிக் கையெழுத்து. கல்லூரி கிடையாது, ஆனால் எந்தப் பையனும் வேலை தெரியாமல் வேலைக்குப் போகவில்லை. இங்கே வளவு வேலைத் தம்பி கொத்தனாரிடம் இரண்டு வருடம் நின்றேன் என்றாரே, அதைப் படித்ததும் அப்பச்சி ஞாபகம் வந்தது.

அதில் இருந்த குறையையும் சொல்ல வேண்டும். ஒரே தொழில்தான் தெரியும். 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் நடந்தே ஊர் திரும்பினார். கையில் வேறு வித்தை இல்லை. கடைசிவரை சும்மா இருந்தே காலம் போனது. அதனால்தான் எங்களை எப்படியாவது படிக்க வைத்தார்.

ஓய்வு பெற்ற பொருளியல்
செவ்வாய், மதியம் 12.20

அண்ணன் சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகமில்லை. இன்று அந்த அடுத்தாள் காலத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது, அப்ரண்டிஸ். 1961-ம் வருடச் சட்டம். பட்டம் முடித்தவருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019-ல் விதி வைத்தார்கள், அதில் பாதி மத்திய அரசின் பங்கு. தரமணியில் இதற்கென்று தனி அலுவலகமே இருக்கிறது. இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் திருச்சி பெல் வருடா வருடம் அப்ரண்டிஸ் எடுக்கிறது. நம் பிள்ளைகள் இதை வேலை கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். புதுவயல் மில்காரர்கள் நாலு பேர் சேர்ந்து இரண்டு பிள்ளைகளை அப்படி எடுத்து, அந்த பாய்லர் தேர்வுக்கும் தயார் செய்தால் சர்டிபிகேட் உள்ள ஆளைத் தேடி அலைய வேண்டாமே.

இன்னொன்று முக்கியம். எங்கு வேண்டுமானாலும் போகக்கூடிய பிள்ளைக்குத் துறையின் பெயர் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. இந்தியா முழுக்க அந்தத் துறைக்கு எங்கோ ஓர் இடம் இருக்கும், தேடிப் போய்விடலாம். ஊரைவிட்டுப் போக முடியாத பிள்ளைக்குத்தான் துறை தலையெழுத்து மாதிரி ஆகிவிடுகிறது. அந்த ஊரில் எந்த வேலை இருக்கிறதோ அதற்குள் அடங்க வேண்டும். நம் வீடுகளில் போக முடியாத பிள்ளை பெரும்பாலும் பெண் பிள்ளை. ஆகவே எந்தப் படிப்பு என்று முடிவு செய்யுமுன் இதை முடிவு செய்யுங்கள்: நாலு வருடம் கழித்து அவள் ஓசூருக்கோ பெங்களூருக்கோ போகிறேன் என்றால் அனுப்புவீர்களா? மாட்டோம் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸும் வேண்டாம், சிக்ரியும் வேண்டாம். அனுப்புவோம் என்றால் பட்டியலே வேறு.

தேவகோட்டை டீச்சர்
செவ்வாய், மாலை 4.40

ஐயா சொன்ன கேள்வியை என் அப்பா கேட்டிருந்தால் நான் இன்று வேறு எங்கோ இருந்திருப்பேன். சென்னையில் புள்ளியியல் படிக்க இடம் கிடைத்தது, அனுப்பவில்லை.

அண்ணா, கல்லூரிகளுக்குப் போகும்போது பிளேஸ்மென்ட் சதவீதத்தைக் கேட்காதீர்கள். அதில் ஒரே பிள்ளைக்கு மூன்று கம்பெனி ஆர்டர் என்றால் மூன்றாக எண்ணுகிறவர்களும் உண்டு, கேம்பஸுக்குப் பெயர் கொடுத்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், இரண்டு வருடம் முன்னால் முடித்தவர்கள் இன்று எங்கே என்று கேளுங்கள். அந்தத் துறையில் படித்த இரண்டு பெண்களின் போன் நம்பரை வாங்கிப் பேசுங்கள். பெண்கள் என்பது முக்கியம்.

கோட்டையூர் பாத்திரக்கடை
வியாழன், இரவு 9.00

இரண்டு நாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அலைந்தேன். டீச்சர் சொன்ன கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துப்போனேன். ஒரு தனியார் கல்லூரியில் வழவழ பேப்பரில் போட்ட புத்தகம் கொடுத்தார்கள், இரண்டு வருடம் முன்னால் முடித்தவர்கள் விவரம் கேட்டதும் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் துறைத் தலைவரே நோட்டை எடுத்துப் பெயர் பெயராகக் காட்டினார். 52 பேரில் படித்த துறையில் 19 பேர், வேறு வேலையில் 21, மேல்படிப்பில் 5, மீதிப் பேரைத் தெரியவில்லை என்று மறைக்காமல் சொன்னார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

வீட்டில் நேற்று ராத்திரி ஐயாவின் கேள்வியை வைத்துப் பேசினோம். என் மனைவி வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் "பர்மாவுக்குப் பையனை அனுப்பின ஊருதானே இது, ஓசூருக்குப் பொண்ண அனுப்பக் கூடாதா" என்றாள். அனுப்புகிறோம். கலந்தாய்வில் சிக்ரியை முதலில் போடுகிறோம். கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. வேதியியல், மதுரைப் பக்கம் இல்லை. அண்ணன் மகனிடமும் போய்ப் பேசினேன். அவனுக்கு அப்ரண்டிஸ் வயது தாண்டவில்லை என்கிறான், பெல் அறிவிப்பைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மகள் ஒன்று கேட்க வேண்டும் என்கிறாள், அவளே எழுதுகிறாள்.

சிக்ரி வாசல் அண்ணா, வணக்கம். நீங்கள் கட்டிய செல் எத்தனை சுற்று தாங்கியது? அது நின்றுபோனதற்குக் காரணம் என்ன என்று கண்டுபிடித்தீர்களா?

சிக்ரி வாசல்
வியாழன், இரவு 9.25

தங்கச்சி, 140 சுற்று. அதற்குமேல் கொள்ளளவு சரிந்துவிட்டது. எதிர்மின்முனையில் லிதியம் ஊசி ஊசியாகப் படிந்திருந்தது, பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தப் படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், அப்பா கடைக்குக் கொண்டுவருகிறேன்.